அடுத்தவர் வயலுக்கு நடுவே ஒரு பாதை

ஊரிலிருந்து யாராவது வந்தால் இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் கையில் எடுக்கிறோம். லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கடைசியில் ஒரு நாள் ஸ்டோன்ஹெஞ்ச். நானும் பத்து வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். போன ஜூனில் அப்பாவும் அம்மாவும் வந்தபோது அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. வந்த மூன்றாம் நாளே வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் தவித்தார். சரி, நடக்கலாம் என்று ரெடிங்குக்கு வெளியே ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். தேவாலயத்தைத் தாண்டினால் கோதுமை வயல். வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி, பொது நடைபாதை என்பதற்கு அடையாளம். அதற்கு நேரே, இடுப்பளவு நின்ற பயிரைப் பிளந்துகொண்டு ஒரு ஒற்றையடிப் பாதை மறுகோடி வரை போகிறது. நான் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா அங்கேயே நிற்கிறார்.

“ஏம்ப்பா, வரப்பு இருக்கும்போது அடுத்தவர் பயிருக்கு நடுவுல கால வெக்கச் சொல்றியே?”

செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தார் என்று நினைக்கிறேன். நான் விளக்கினேன். நிலம் அந்த விவசாயியுடையதுதான், ஆனால் பாதை எல்லோருக்கும் உரியது. உழுது விதைத்தாலும் 14 நாட்களுக்குள் அந்தப் பாதையை அவர் திரும்பச் சரிசெய்துவிட வேண்டும், வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதை என்றால் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும், சட்டம் அப்படி. அப்பா குனிந்து சாண் போட்டு அளந்தார். “ஒரு மீட்டருக்கு மேலயே விட்டிருக்காரு, நல்ல மனுஷன்” என்றார். அப்புறம்தான் காலை வைத்தார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒரு கதிர்கூடச் சாயாதபடி, அந்த வயல் முழுக்க நடந்தார்.

எனக்கு இங்கிலாந்தின் மிகப் பெரிய வரலாற்றுச் சின்னம் இந்தப் பாதைகள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். தேவாலயத்துக்குப் போனவர்களும் ஆலைக்கு மாவரைக்கப் போனவர்களும் சந்தைக்கு மாடு ஓட்டியவர்களும் நடந்து நடந்தே உண்டானவை. இன்றைக்கும் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல் உரிமையோடு ஒரு வழியில் நடந்து வந்திருந்தால், நில உரிமையாளர் அதைப் பொதுவழியாக விடும் எண்ணம் தனக்கு இல்லை என்று காட்டாதவரை, அதைப் பொதுப்பாதை என்று கொள்ளலாம் என்கிறது சட்டம். 1949இல் வந்த சட்டம்தான் இவற்றையெல்லாம் கவுன்சில்கள் வரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்றது.

இதை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்துக்குள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். பிரபுக்கள் க்ரவுஸ் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலம் அது. முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், வயது 20. ஐந்து பேருக்குச் சிறை. வாரம் முழுக்க ஆலைப் புகையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையில் கொஞ்சம் காற்று வாங்க ஆசைப்பட்டதற்கு! 2000இல் வந்த சட்டம்தான் மேட்டுநிலங்களையும் பொதுப் புல்வெளிகளையும் திறந்துவிட்டது. 2002இல், 70ஆம் ஆண்டு நினைவு நாளில், அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தின் டெவன்ஷயர் பிரபு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சட்டத்தின் கீழ் சுதந்திரமாகச் சுற்றக்கூடிய நிலம் இங்கிலாந்தில் சுமார் 8 சதவீதம்தான். எனக்கு இது போதாது. ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த சட்டத்தால் ஏறக்குறைய எங்கும் நடக்கலாம். அங்கே ஆடும் மாடும் பயிரும் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

எங்கள் பக்கமே ஒரு பாதையை முள்கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். போட்டோ எடுத்துக் கவுன்சிலுக்கு எழுதினேன். ஐந்து மாதம் ஆனது, ஆனால் கம்பி போனது. அதற்குள் இரண்டு பேர் அது வழியே இல்லை என்று என்னிடமே சாதித்தார்கள். நடப்பதை விட்டால் பாதை போய்விடும்.

அடுத்த வாரம் ஏவ்பரி, பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கும் பழங்கால இடம். வில்ட்‌ஷயரில், ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள். ஸ்டோன்ஹெஞ்சை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கல்தச்சு வேலை வேறு எங்கும் இல்லை. ஆனால் சாதாரண டிக்கெட்டில் போனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். ஏவ்பரியில் கற்களுக்கு நடுவே போக டிக்கெட்டே கிடையாது. உலகத்திலேயே பெரிய கல்வட்டம் அது, குறுக்களவு முன்னூறு மீட்டருக்கு மேல். நம் ஊர்க் கல்வட்டங்களைப் பார்த்திருப்பவர்கள் அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இதற்குள் பாதிக் கிராமமே இருக்கிறது, சாலை போகிறது, பப் இருக்கிறது, ஆடு மேய்கிறது. கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில் எழுப்பியது. சுற்றிலும் இருக்கும் அகழி, தோண்டியபோது ஒன்பது மீட்டர் ஆழம். மான்கொம்பால் சுண்ணாம்புப் பாறையைக் கொத்தியே அவ்வளவையும் எடுத்திருக்கிறார்கள். அகழி விளிம்பில் நின்று அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. மண்வெட்டி பிடித்தவருக்கு அந்தக் கணக்கு புரியும்.

அம்மா நேராகப் போய் ஒரு கல்லில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். வெயில் ஏறிய கல். “ராத்திரி வரைக்கும் சூடு இருக்கும் போல” என்றார். பக்கத்தில் ஓர் ஆடு அதே கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கல்லின் அடியில், ஆடு உரசும் உயரத்தில், எண்ணெய் தடவியது போல் ஒரு பளபளப்பு.

வெளிவட்டத்தில் மட்டும் முன்பு சுமார் நூறு கற்கள் இருந்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் பலவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1938இல் அப்படிப் புதைந்த ஒரு கல்லின் அடியில் ஒருவருடைய எலும்புக்கூடு கிடைத்தது, கூடவே கத்தரிக்கோலும் அந்தக் காலத்து நாணயங்களும். பிறகு 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கற்களைக் குழியில் தீமூட்டிச் சுட்டு, தண்ணீர் ஊற்றி உடைத்து வீடு கட்டினார்கள். கிராமத்துச் சுவர்களில் அந்தத் துண்டுகளை இன்றும் பார்க்கலாம். 1930களில் மார்மலேட் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கீலர் இடத்தை வாங்கி, புதைந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். கல் போய்விட்ட இடங்களில் சிறு கான்கிரீட் தூண் வைத்தார். எனக்கு அந்தத் தூண்கள் கற்களைவிட மனதைத் தைக்கின்றன. இல்லாததற்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார் மனிதர்.

அங்கிருந்து மேற்கு கென்னட் நீள்மேட்டுக்கு நடந்தோம். போகும் வழியில் சில்பரி குன்று. முழுக்க மனிதர்கள் குவித்தது, ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய வரலாற்றுக்கு முந்தைய செயற்கைக் குன்று இல்லை. ஏற அனுமதி கிடையாது, தள்ளி நின்று பார்த்துக்கொண்டே போகலாம். வழியில் கிஸ்ஸிங் கேட். அரைவட்ட வேலிக்குள் ஆடுகிற கதவு, ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம், மாடு நுழைய முடியாது. அம்மாவின் புடவை சிக்கியது. பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குனிந்து எடுத்துவிட்டு, சாயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

நீள்மேடு என்பது கல்லறை. ஏறக்குறைய கி.மு. 3650, நீளம் நூறு மீட்டர். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் கற்கள். அவற்றின் பின்னால் புகுந்தால் ஐந்து அறைகள். காவலாள் இல்லை, டிக்கெட் இல்லை, கதவே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஜூன் மாதத்து வெயில் சட்டென்று அணைந்து, ஈரமண் வாசனை. குறைந்தது 36 பேரை அங்கே வைத்திருக்கிறார்கள், குழந்தைகளும் உண்டு. ஒரு கல்லில் கோடரி தீட்டித் தேய்ந்த இடம் இருக்கிறது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு “அம்மி மாதிரி தேஞ்சிருக்கு” என்றார். பிறகு யாரும் சொல்லாமலே நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அப்பா வெளியே வரும்போது தலைத்துண்டைக் கையில் பிடித்திருந்தார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்விண்டனிலிருந்து பஸ் இருக்கிறது, கார் இல்லாதவர்களும் போகலாம். மழை பெய்த மறுநாள் என்றால் ரப்பர் பூட்ஸ். ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடுகளாகப் பாதைகள் இருக்கும். ஒன்று வாங்கி வீட்டில் விரித்து வையுங்கள், நம் பிள்ளைகள் தானாகவே விரல் வைத்துப் பார்ப்பார்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிப் போங்கள். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

ஏவ்பரிக்குப் பக்கத்தில் தொடங்கும் ரிட்ஜ்வே பாதையில் வடகிழக்காகப் போனால் அஃபிங்டன் வெள்ளைக்குதிரை வரும். மலைச்சரிவில் புல்லைச் சீவி வெட்டி, சுண்ணாம்பு இடித்து நிரப்பி வரைந்த 110 மீட்டர் குதிரை. வயது ஏறக்குறைய 3,000. சில வருடம் சும்மா விட்டாலே புல் மூடிவிடும். மூடவில்லை என்றால் அவ்வளவு தலைமுறையும் யாரோ வந்து சீவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்றும் வருடா வருடம் தன்னார்வலர்கள் முழங்காலிட்டுச் சுண்ணாம்பைச் சுத்தியலால் இடிக்கிறார்கள். இந்தக் கோடையில் நானும் பெயர் கொடுக்கப் போகிறேன். அப்பா போனில் கேட்டதும் “நம்ம வீட்டுச் சார்பா நாலு அடி சேத்து அடி” என்றார். வர விருப்பமிருப்பவர்கள் கமென்டில் சொல்லுங்கள், ரெடிங்கிலிருந்து காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.