பூச்சியத்தை நிரப்பித் தந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பல கோப்பு முறைமைகளும் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு பொது நிரல் நூலகம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. லினக்ஸின் மையமான கேர்னலில், சேர்வரில் இருக்கிற கோப்புகளை வலையமைப்பு வழியாகத் திறக்கிற ஏஎஃப்எஸ், செஃப், 9பி, சிஃப்ஸ் என்று ஆளாளுக்கு வாசிக்கிற, எழுதுகிற வேலையைத் தனித்தனியாக எழுதி, ஒரே பிழையை நாலு இடத்தில் திருத்திக்கொண்டிருந்தது விசர் வேலைதான். 2021இல் கேர்னலின் 5.13 பதிப்புடன் நெற்எஃப்எஸ் என்ற அந்தப் பொது நூலகம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். பெரிய வாசிப்பைத் துண்டாக்கிச் சேர்வரிடம் கேட்பது, குறைவாக வந்தால் திரும்பக் கேட்பது எல்லாம் ஓரிடத்தில். சரி. ஆனால் 2024இல், 6.10இல் சிஃப்ஸை அதற்கு மாற்றிய விதத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

கிளிநொச்சியில் நாங்கள் சனத்தின் பழைய பத்திரங்களை ஸ்கான் செய்து சேர்வரில் வைத்து, சிஃப்ஸ் வழியாகத் திறக்கிறோம். 2009இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடும்போது, வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டாலும் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்த காணிப் பெர்மிற்றுகள், பிறப்புப் பதிவுகள். கேர்னல் அப்டேற் ஆன பிறகு ஒரு அம்மாவுக்குப் பிரதி எடுக்கத் திறந்தால் முன்பக்கம் தெரிகிறது, முத்திரையும் கையெழுத்தும் உள்ள பின்பக்கம் வெறும் வெள்ளை. கோப்பின் அளவு சரி. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. கோப்பின் உள்ளே இருக்கிறதை ஹெக்ஸ் எண்களாகப் பார்த்தால் ஓரிடத்துக்குப் பிறகு கடைசிவரை 00 00 00. சேர்வரிலேயே போய்ப் பார்த்தால் அதே கோப்பு முழுசாக இருக்கிறது!

அந்த நூலகம் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஸீரோ பொயின்ற்' என்று ஒரு எல்லை வைத்திருக்கிறது. அதற்கு அப்பால் சேர்வரில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, கேட்காமலே பூச்சியத்தை நிரப்பிவிடும். வேகத்துக்கு நல்ல யோசனைதான், ஆனால் அந்த எல்லையைத் தொடக்கத்தில் சரியாக வைப்பது சிஃப்ஸின் பொறுப்பு, மாற்றும்போது அது விடுபட்டு, 6.11 காலத்தில்தான் திருத்தம் வந்தது. இவ்வளவு அடிப்படையான ஒன்று எப்படி விடுபடும்? வாசிக்க முடியாவிட்டால் முடியாது என்று கத்தட்டும், நான் கேபிளைப் பார்ப்பேன், சேர்வரைப் பார்ப்பேன். இல்லாததை இருக்கிறது மாதிரி நீட்டினால் நான் எதைப் பார்ப்பது?

அதோடு சிஃப்ஸின் பழைய நிரலையும் அதே கையோடு தூக்கிவிட்டார்கள். மவுண்ட் செய்யும்போது, அதாவது சேர்வரின் கோப்புறையை எங்கள் கணினியோடு இணைக்கும்போது, பழைய வழியில் போ என்று சொல்ல ஒரு தெரிவுகூட இல்லை. இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்க முதல் கீழே இருக்கிற சனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வெளியீட்டுக்காவது இரண்டு வழியையும் வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும்? குறைவாக வந்த வாசிப்பு, இன்னொரு கணினியிலிருந்து அளவு மாறிய கோப்பு, இதையெல்லாம் சோதித்த பிறகு பழையதை எடுக்கலாமே.

இப்போது எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் கேர்னல் 6.6தான், பழைய சிஃப்ஸ் அதில் இருக்கிறது. கொடுக்கிற ஒவ்வொரு பிரதியையும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண் போட்டு மூலத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் பிரிண்ட் எடுக்கிறோம். வரிசையில் நிற்கிற சனம் அதற்காகவும் காத்து நிற்கிறது, புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உட்பட.