அம்மாவை உட்கார வைத்தோம்

அம்மாவுக்கு 76 வயது. மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மருந்துக் குழம்பு வைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சாவு வீடு என்றால் முதலில் காப்பி கலந்து தூக்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான்.

அப்பா இறந்த பிறகு பாயான் பாருவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தோம். "இனிமே நீங்க ஒரு வேலையும் செய்யக்கூடாதும்மா" என்று சொல்லி நாற்காலியைக் காட்டினோம். பாசத்தில்தான் சொன்னோம். ஆனால் அரிவாள்மனை, அடுப்பு, கடைக்குப் போகும் பை என்று ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். காலையில் மின்னல் எஃப்எம், மத்தியானம் சீரியல், சாயங்காலம் ஜன்னலோரம். ஒரே வருடத்தில் பேச்சு குறைந்துபோனது. எது கேட்டாலும் "ம்".

கிளினிக்கில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா நன்றாக இருக்கிறார் என்று நானும் நம்பினேன்.

முதியவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க காஸ்ப்-19 என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் 19 கேள்விகள். சர்க்கரை அளவு அதில் வராது. தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறதா, பிடித்ததைத் தானே முடிவெடுத்துச் செய்ய முடிகிறதா, வாழ்வதில் நிறைவு இருக்கிறதா, சந்தோஷம் இருக்கிறதா என்ற நான்கைத்தான் அது சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. அம்மாவை மனதில் வைத்துப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் இரண்டையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நாங்கள்தானே.

மாற்றம் ஒரு தைப்பூசத்தில் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். அம்மாவின் முட்டிக்கு அது நடக்காத காரியம். கீழே நண்பர்கள் போட்டிருந்த தண்ணீர்ப்பந்தலில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் மேலே போனேன். திரும்பி வந்தபோது ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பாட்டி. மோருக்கு இஞ்சி தட்டிப் போடுவதா, அரைத்துப் போடுவதா என்று இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம்! அம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது. அன்று ராத்திரி கால் வீங்கியிருந்தது. ஆனாலும் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறார். முதல் இரண்டு வாரம் அங்கேயும் பிள்ளைகள் ஓடி வந்து, "பாட்டி, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது.

நம் சங்கங்களும் இதையேதான் செய்கின்றன. தீபாவளிக்குப் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு பை அரிசியும் எண்ணெயும் கொடுத்துப் படம் எடுக்கிறோம். மிச்ச நாளெல்லாம் அவர்களை யார் தேடுகிறார்கள்? மரியாதை வேறு, தேவைப்படுவது வேறு. ஒரு சனிக்கிழமை அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். "அக்கா, ஏன் இன்னிக்கு வரல? கத்திரிக்காய் அப்படியே கிடக்கு" என்று சமையற்கட்டிலிருந்து போன் வந்தது. எந்தப் பொன்னாடைக்கும் அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த "ம்"மில் பாதி, காது கேட்காததால் வந்தது. சமையற்கட்டில் பக்கத்தில் இருந்த அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார், ஒரே வீட்டில் இருந்த நாங்கள் இல்லை. மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் குறைக்கக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024ல் வெளியிட்ட 14ல் காது கேளாமையும் இருக்கிறது, மனிதத் தொடர்பு அற்றுப்போவதும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். காது மந்தமானவர் கூட்டத்தில் ஒதுங்குவார்; நாம் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். தனிமையால் ஆண்டுக்கு சுமார் 8,71,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025ல் கணித்திருக்கிறது. இதைப் படித்த பிறகும் அலட்சியமாக இருக்க எனக்கு மனம் வரவில்லை.

60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசாங்கத்தின் 'பாவே' எனும் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. அவசியம் ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். அங்கே பேசக் கூச்சப்படுகிறார். தமிழில் பேச நாலு பேர் சேர்ந்து போனால் கூச்சம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

கோயில், சங்கம், பாலர் பள்ளி என்று எதையாவது நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், பெரியவர்களுக்கு ஒரு வேலை ஒதுக்குங்கள். பூ கட்டுவது, பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, வராதவர்களுக்குப் போன் போட்டு விசாரிப்பது, எதுவானாலும் சரி. முதுகு சாய்கிற நாற்காலி, பக்கத்திலேயே கழிவறை, போக வர வண்டி, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

பாயான் பாரு, குளுகோர் பக்கம் யாருக்காவது ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள். செவ்வாயும் வியாழனும் அம்மா சும்மாதான் இருக்கிறார். காரில் நானே கொண்டுவந்து விடுகிறேன்.