எல்லா சார்ட்லயும் மூச்சு 20

போன வாரம் வார்டுல ஒரு ஸ்டூடன்ட், ரெண்டாவது வருஷம் நர்ஸிங் படிக்குற பொண்ணு, நாலஞ்சு சார்ட்ட கையில வெச்சுக்கிட்டு என்கிட்ட வந்து நின்னா. "மேடம், காய்ச்சல் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, பல்ஸ் வேற வேற இருக்கு, பிபியும் அப்படித்தான், மூச்சு மட்டும் ஏன் மேடம் எல்லாருக்கும் 20?" வாங்கிப் பாத்தேன். நிமோனியாவோட படுத்திருக்கவருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷனுக்கு காத்துக்கிட்டு இருக்கவருக்கும் 20, நேத்து ராத்திரியும் 20, இன்னிக்கு காலைலயும் 20.

எனக்கு உடனே பதில் வரல. அந்த 20ஐ நானும் நெறைய எழுதியிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நர்ஸிங்ல இல்லாதவங்களுக்காக சொல்றேன். பிபிக்கு மெஷின் இருக்கு, விரல்ல கிளிப் மாட்டினா ஆக்சிஜனும் பல்ஸும் தெரிஞ்சிடும். ஆனா சாதாரண வார்டுல மூச்ச எண்ணுறதுக்கு பெரும்பாலும் மெஷின் கெடையாது, பக்கத்துல நின்னு நெஞ்சு ஏறி எறங்குறத ஒரு முழு நிமிஷம் பாக்கணும். அதுவும் பேஷன்ட்டுக்குத் தெரியாம பாக்கணும், தெரிஞ்சா மூச்சு விடுற விதமே மாறிடும், அதனால பல்ஸ் பாக்குற மாதிரி கைய புடிச்சுக்கிட்டே நெஞ்ச எண்ணச் சொல்லி எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாங்க. முப்பது பேஷன்ட்னா இதுக்கே அரை மணி நேரம். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 வரைக்கும் நார்மல். ரத்தத்துல கிருமி பரவும்போதும், உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்போதும், நுரையீரல்ல தண்ணி கோக்கும்போதும் பல நேரம் முதல்ல மாறுறது மூச்சுதான். பிபி கடைசி வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அது விழும்போது நெறைய நேரம் போயிருக்கும். 2012ல லண்டன்ல இருக்குற ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ், பேஷன்ட் மோசமாகுறத முன்னாடியே கண்டுபிடிக்க 'நியூஸ்'னு ஒரு ஸ்கோர் கொண்டுவந்தாங்க. அதுல மூச்சு 21லேர்ந்து 24ன்னா 2 பாயின்ட், 25ம் அதுக்கு மேலயும் 3 பாயின்ட், ஏதாவது ஒண்ணுல மட்டும் 3 வந்தாலே உடனே வந்து பாக்கணும். அவ்வளவு முக்கியமான நம்பரத்தான் நாம எண்ணாமலே எழுதிக்கிட்டு இருக்கோம்.

நான் எழுதின 20ல ஒண்ண மட்டும் இன்னும் மறக்க முடியல. வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம், நைட் டியூட்டி, முப்பதுக்கு மேல பேஷன்ட், நானும் ஒரு ட்ரெய்னியும் மட்டும். குடல் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் ஆன ஒரு வயசானவர். அவரோட மக வந்து "சிஸ்டர், அப்பா வேகமா மூச்சு விடுறாரு, கொஞ்சம் வந்து பாருங்களேன்"னு கூப்பிட்டாங்க. "இதோ வரேன்மா"ன்னு சொன்னேன். அந்த நேரத்துல இன்னொரு கட்டில்ல ஒருத்தருக்கு ஆபரேஷன் பண்ண எடத்துல வெச்ச ட்ரெய்ன் கொழாய்ல ரத்தமா வந்துக்கிட்டு இருந்துச்சு, எமர்ஜென்சிலேர்ந்து புது அட்மிஷன் ஒண்ணு ஸ்ட்ரெச்சரோட வாசல்ல நிக்குது. போகும்போது அவர் பக்கம் ஒரு பார்வை பாத்தேன், ஆக்சிஜன் அளவு பரவால்ல, பிபி பரவால்ல, எழுதிட்டு நகந்துட்டேன். மூச்சு 20. விடியக்கால உடம்பெல்லாம் வேர்த்து, பிபி எறங்கி, ஐசியூவுக்குக் கொண்டு போனாங்க. திரும்பி வரல. தையல் போட்ட எடத்துல குடல் விட்டுடுச்சுன்னு அப்புறம் தெரிஞ்சது. யாரும் என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல, சார்ட்ல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அந்த மக மட்டும் சாமான எடுக்க வார்டுக்கு வந்தப்போ என்ன பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

இத ஒரு தனி நர்ஸோட கவனக்குறைவுன்னு சொல்லி முடிச்சிடலாம். ரொம்ப வருஷம் நானும் என்ன அப்படித்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மேல்படிப்பு படிக்கும்போதுதான் லிண்டா எய்கன்னு ஒருத்தவங்களோட ஆராய்ச்சி கையில கெடச்சுது, அவங்களும் நர்ஸுதான். 2002ல வந்தது. அமெரிக்காவுல பென்சில்வேனியால 168 ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 2,32,342 பேஷன்ட். ஒரு நர்ஸ் பாத்துக்குற பேஷன்ட் எண்ணிக்கை ஒண்ணு கூடினா, அட்மிட் ஆன 30 நாளுக்குள்ள அந்த பேஷன்ட்டுங்க சாகுற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. நாலு பேர பாக்குற நர்ஸுக்கு எட்டு பேர குடுத்தா 31 சதவீதம். நாலு எங்க, முப்பது எங்க. படிச்சிட்டு லைப்ரரிலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், அந்தத் தாத்தாதான் கண்ணு முன்னாடி நின்னாரு.

இது சும்மா கணக்குதானே, நர்ஸ் கம்மியா இருக்குற ஆஸ்பத்திரில மத்த வசதியும் கம்மியா இருக்கும்னு கேக்கலாம். நியாயமான கேள்வி, இந்த மாதிரி ஆராய்ச்சில அந்த சந்தேகத்த முழுசா போக்க முடியாது, அவங்களும் ஆஸ்பத்திரியோட அளவு, தொழில்நுட்பம், பேஷன்ட்டோட வியாதி எல்லாத்தையும் கணக்குல எடுத்துட்டுதான் சொன்னாங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல 2016ல சட்டமே போட்டு, பகல்ல சராசரியா நாலு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், ராத்திரி ஏழு பேருக்கு ஒருத்தர்னு 27 ஆஸ்பத்திரில கொண்டுவந்தாங்க, சட்டம் வராத 28 ஆஸ்பத்திரியோட ஒப்பிட்டு, முன்னாடியும் பின்னாடியும் பாத்தாங்க. 2021ல முடிவு வந்துச்சு. சாவு கொறஞ்சுது, டிஸ்சார்ஜ் ஆனவங்க திரும்ப வந்து அட்மிட் ஆகுறது சட்டம் வராத ஆஸ்பத்திரில கூடுச்சு, சட்டம் வந்த எடத்துல கூடல, ஆஸ்பத்திரில படுத்திருக்குற நாளும் சட்டம் வந்த எடத்துல இன்னும் அதிகமா கொறஞ்சுது. கூடுதலா நர்ஸ் போட்ட செலவ விட, அதனால மிச்சமான காசு ரெண்டு மடங்குக்கும் மேல. ஸ்டாஃப் கேட்டா பட்ஜெட் இல்லன்னு சொல்ற ஒவ்வொரு நிர்வாகியும் இந்த ஒரு வரிய படிச்சா போதும்னு நெனைக்கறேன். கலிஃபோர்னியால இந்த மாதிரி சட்டம் 2004லயே நடைமுறைக்கு வந்தாச்சு.

நேரம் பத்தாதப்போ ஒரு நர்ஸ் எத விடுறாங்கன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? ஊசிய விட மாட்டாங்க, அதுக்குக் கையெழுத்து இருக்கு, ரவுண்ட்ஸ்ல டாக்டர் கேப்பாரு. பீட்ரிஸ் கேலிஷ்னு ஒரு நர்ஸிங் பேராசிரியர் 2006ல இதையே நர்ஸுங்ககிட்ட உக்காந்து கேட்டாங்க, விட்டுப்போன கவனிப்புன்னு அதுக்குப் பேரே வெச்சாங்க. எழுப்பி நடக்க வெக்கிறது, பொரட்டிப் படுக்க வெக்கிறது, சாப்பாடு ஊட்டுறது, வீட்டுக்குப் போனா என்ன செய்யணும்னு சொல்லித் தர்றது, பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்த பேசுறது, இதெல்லாம்தான் விடுபடுது. செய்யலன்னா அன்னிக்கு யாருக்கும் தெரியாது. மூணு நாள் கழிச்சு முதுகுல புண்ணா தெரியும், நெஞ்சு சளியா தெரியும், கால்ல ரத்தம் கட்டினதா தெரியும், அப்போ அதுக்கு வேற பேரு, வேற டிபார்ட்மென்ட்.

முதுகுப் புண்ணையே எடுத்துக்குங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஸ்பிரிட் தேச்சு பவுடர் போட்டு நல்லா அழுத்தி மசாஜ் பண்ணணும்னு. பக்தியா பண்ணுவோம், செவந்த எடத்துல இன்னும் கொஞ்சம் சேத்தே தேப்போம். டோரீன் நார்ட்டன்னு ஒரு இங்கிலாந்து நர்ஸ் 1962லயே வயசான பேஷன்ட்டுங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணி, யாருக்குப் புண்ணு வரும்னு முன்கூட்டியே சொல்ல ஒரு ஸ்கோரும் போட்டு, நேரத்துக்கு நேரம் பொரட்டிப் படுக்க வெச்சு அழுத்தத்தக் கொறைக்கறதுதான் வழின்னு காட்டிட்டாங்க. செவந்த எடத்துல தேய்க்கவே கூடாது, உள்ள இருக்குற சின்னச் சின்ன ரத்தக் கொழாய் இன்னும் கெடும்னு இப்போ வழிகாட்டுதல்லயே இருக்கு. 1962ல தெரிஞ்ச விஷயம் எங்க கைக்கு வர எத்தன வருஷம் ஆச்சு பாருங்க. இன்னும் தேய்க்குற வார்டு இருக்கு.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் புடிச்ச ஆராய்ச்சி, ஷேரன் இனோயேன்னு ஒரு டாக்டர் 1999ல பண்ணது. ஆஸ்பத்திரிக்கு வர்ற வயசானவங்களுக்குத் திடீர்னு ராத்திரில கொழப்பம் வரும், எங்க இருக்கோம்னே தெரியாம ட்ரிப்ஸ புடுங்குவாங்க, பெத்த புள்ளையையே யாருன்னு கேப்பாங்க, டெலிரியம்னு சொல்றது. 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன 852 பேர். அவங்க குடுத்தது மருந்து இல்ல. மூக்குக் கண்ணாடிய எடுத்து மாட்டி விடுறது, காது மெஷின போட்டு விடுறது, தண்ணி குடிக்க வெக்கிறது, இன்னிக்கு என்ன நாள்னு பேச்சு குடுக்குறது, எழுப்பி நடத்துறது, ராத்திரி சத்தத்தக் கொறைச்சு தூங்க விடுறது. வழக்கமா பாத்துக்கிட்டவங்கள்ல 15 சதவீதம் பேருக்குக் கொழப்பம் வந்துச்சு, இப்படிப் பாத்துக்கிட்டவங்கள்ல 9.9. கண்ணாடி பத்திரமா இருக்கட்டும்னு பீரோவுல வெச்சுப் பூட்டுற நர்ஸுங்கள நான் பாத்திருக்கேன், நல்ல எண்ணத்துலதான் பண்றாங்க, ஆனா கண்ணாடி இல்லாத அந்தப் பேஷன்ட்டுக்கு ராத்திரி முழுக்க எதிர்ல நிக்குறது யாருன்னே தெரியாது.

இந்த எடத்துலதான் எனக்கு நம்ம நர்ஸிங் படிப்பு மேல கோவம் வருது. ஆராய்ச்சின்னு ஒரு பேப்பர் இருக்கு, ஒரு தீசிஸும் இருக்கு. ஸ்டூடன்ட் என்ன பண்ணுவான்னா, சீனியர் பைண்ட் பண்ணி வெச்ச தீசிஸ எடுத்து தலைப்புல வியாதி பேர மட்டும் மாத்துவா. அறுபது பேர், ஒரு கேள்வித்தாள், முன்னாடி ஒரு டெஸ்ட், நடுவுல ஒரு கிளாஸ், ஏழு நாள் கழிச்சு அதே டெஸ்ட். மார்க் கூடிருச்சு, புள்ளிவிவரப்படி முக்கியமான வித்தியாசம் இருக்கு, முடிஞ்சுது. பாடம் நடத்தினா மார்க் கூடத்தானே செய்யும்? அந்த கிளாஸால ஒரு பேஷன்ட்டுக்காவது புண்ணு வராம இருந்துச்சா, ஒருத்தராவது சீக்கிரம் வீட்டுக்குப் போனாரான்னு யாரும் பாக்குறதில்ல. அந்தப் புள்ளைங்கள நான் குத்தம் சொல்லல, அவங்ககிட்ட கேள்வி இருக்கு, கட்டில் பக்கத்துல நிக்குற எல்லாருக்கும் கேள்வி வரும், அத ஆராய்ச்சியா மாத்தலாம்னு சொல்லிக் குடுக்க வேண்டியது நாங்க. நாங்கதான் ஃபார்மட்டையும் மார்ஜினையும் திருத்திக்கிட்டு உக்காந்திருக்கோம்.

நர்ஸுக்கு அன்பான மனசும் சுறுசுறுப்பான கையும் போதும், எதுக்கு டிகிரி, எதுக்கு ஆராய்ச்சின்னு கேக்குறவங்களுக்கு இன்னொரு கணக்கு. 2014ல எய்கன் குழு ஐரோப்பாவுல 9 நாட்டுல 300 ஆஸ்பத்திரில 4,22,730 பேஷன்ட்டோட விவரத்தப் பாத்தாங்க. டிகிரி படிச்ச நர்ஸுங்க 10 சதவீதம் கூடினா பேஷன்ட் சாகுற வாய்ப்பு 7 சதவீதம் கொறையுது. படிப்புன்னா சர்டிஃபிகேட்டுன்னு நான் சொல்லல. மூச்சு 26ன்னு பாத்ததும் அது ஏன்னு யோசிக்கவும், டாக்டர ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, தயங்காம காரணத்தோட சொல்லவும் தெரியணும், அதுக்குத்தான் படிப்பு.

நைட்டிங்கேல் அம்மாவ கைவிளக்கேந்திய காரிகைன்னு சின்ன வயசுல படிச்சோம். வருஷா வருஷம் மே 12ல மெழுகுவத்தி ஏத்துறோம், நானும் ஏத்தியிருக்கேன், கண்ணு கலங்கியிருக்கேன். ஆனா அவங்க இன்னொரு கையில நோட்டு வெச்சிருந்தாங்கன்றத யாரும் சொல்லிக் குடுக்கல. கிரிமியா போர்ல காயத்துல செத்த சிப்பாய விட, காலரா, டைஃபஸ், வயித்துப்போக்குன்னு நோய்ல செத்தவங்கதான் ரொம்ப அதிகம்னு மாசா மாசம் எண்ணிக்கைய வெச்சு 1858ல படமாவே போட்டுக் காட்டினாங்க. லண்டன் புள்ளியியல் சங்கத்துல உறுப்பினரான முதல் பொம்பள அவங்கதான். எண்ணினதாலதான் அரசாங்கம் கேட்டுச்சு.

அதனால அந்தப் பொண்ணுகிட்ட, "இதுதாம்மா உன் தலைப்பு"ன்னு சொல்லிட்டேன். மொதல்ல பயந்தா, "வார்டு சிஸ்டர் கோவிச்சுக்குவாங்க மேடம்"ன்னா. சார்ட்ல யார் எழுதினாங்கன்ற பேர எடுக்கப் போறதில்ல, யாரையும் மாட்டி விடுறதுக்கு இத பண்ணலன்னு வார்டு சிஸ்டர்கிட்ட நானே போய்ப் பேசினேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எண்ணுங்க மேடம், அந்த ஷிஃப்ட்ல எத்தன பேஷன்ட்டுக்கு எத்தன பேர் இருந்தோம்னும் சேத்து எழுதுங்க"ன்னாங்க. சொன்னது ரொம்ப சரி, அது இல்லாம இந்த 20க்கு அர்த்தமே இல்ல. காலேஜ் எத்திக்ஸ் கமிட்டில அனுமதி வாங்க லெட்டர் குடுத்தாச்சு. அதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆள தனித்தனியா எண்ணி ஒரே நம்பர் வருதான்னு பாத்துப் பழகணும், அது வராம அடுத்த அடி எடுத்து வெக்க முடியாது. நாளைக்குக் காலைல ஸ்கில் லேப்ல அவ கூடப் படிக்குற புள்ளைங்களையே படுக்க வெச்சு ஆரம்பிக்கறோம். செகண்ட் முள்ளு இருக்குற வாட்ச் கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.