அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

(படகிலிருந்து கழற்றிய இருக்கைப் பலகைகள் கூடத்தின் நடுவில் கிடக்கின்றன. மாமா கையில் பெயின்ட் டப்பா. மாப்பிள்ளை கையில் ஒன்றுமில்லை, யோசனை மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறார்.)

மாமா: வாருங்கள் மாப்பிள்ளை. கருநீலம் வாங்கிவிட்டேன். ஒரு மணி நேர வேலை. அடித்து மாட்டிவிட்டால் தீர்ந்தது.

மாப்பிள்ளை: கருநீலமா? உச்சி வெயிலில் அதில் உட்கார்ந்தால் நீங்களாக எழுந்திருக்க வேண்டாம் மாமா. அதுவே தூக்கிவிடும்.

மாமா: நிறம் என் விருப்பம்.

மாப்பிள்ளை: சரி. போன தடவை அடித்த பச்சை எங்கே?

மாமா: உரிந்துவிட்டது. மட்டமான பெயின்ட்.

மாப்பிள்ளை: அடிப்பக்கம் அடித்தீர்களா?

மாமா: அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மாப்பிள்ளை: தண்ணீர் பார்க்கும். படகுக்குள் தேங்குகிற தண்ணீரின் ஈரம் கீழிருந்து வெறும் மரத்துக்குள் ஏறிவிடும். மேலே வெயில் ஏறியதும் அந்த ஈரம் வெளியே வர வழி தேடும். உங்கள் பச்சைதான் வழியை மறித்தது, ஈரம் அதைத் தள்ளிவிட்டது. கீழ்ப்பக்கம் மட்டும் உப்பியதால் பலகையே குழிந்திருக்கிறது பாருங்கள்.

மாமா: உட்கார வாகாகக் குழித்துக் கொடுத்திருக்கிறான் தச்சன் என்றல்லவா நினைத்தேன்!

மாப்பிள்ளை: தச்சன் பாவம். அதைவிட மோசம் இந்த முனைகள். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய் இது. வெட்டிப் பலகையாக்கிய பிறகும் குடிப்பதை நிறுத்தாது. ஸ்க்ரூ துளைகளும் அப்படித்தான். அந்தக் கறுப்பு வளையம் தெரிகிறதா? தண்ணீர் உள்ளே குடியேறிவிட்டது.

மாமா: கடல் தண்ணீர் அவ்வளவு பொல்லாததா?

மாப்பிள்ளை: கடலை விடுங்கள், மழைதான் எமன். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள் சட்டங்களுக்கு இடையில் உப்பையே கொட்டி வைத்தார்கள்.

மாமா: அப்புறம் என்ன? பெயின்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உப்பு வாங்கி வருகிறேன்.

மாப்பிள்ளை: அதில் உட்காருகிற நாம் ஊறுகாயாகிவிடுவோம். முனைகளுக்கும் துளைகளுக்கும் எபாக்சி ஊட்டுங்கள், காய்ந்தால் கெட்டியாகிற பிசின் அது. குடிக்கிறவரை ஊட்டுங்கள். பிறகு இரு பக்கமும் ஒரு பூச்சு. தண்ணீர் எளிதில் போகாது.

மாமா: எபாக்சியே தடுத்துவிட்டால் பெயின்ட் எதற்கு?

மாப்பிள்ளை: வெயிலுக்கு. எபாக்சி வெயிலில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். மரத்தை எபாக்சி காக்கும், எபாக்சியைப் பெயின்ட் காக்கும்.

மாமா: பெயின்டை?

மாப்பிள்ளை: நீங்கள். வருடா வருடம்.

மாமா: இது படகா, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடா?

(இந்த இடத்தில் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பதே மரியாதை.)

மாப்பிள்ளை: முதலில் பழைய பச்சையை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் 120. ஒவ்வொரு பெயின்ட் பூச்சுக்கும் நடுவில் 220-ஆல் இலேசாக.

மாமா: அடித்ததைத் தேய்ப்பதா? அதற்கு அடிக்காமலே இருக்கலாமே!

மாப்பிள்ளை: வழவழப்பில் அடுத்த பூச்சு பிடிக்காது மாமா. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது சலித்த மணலை மெல்லத் தூவுங்கள். நனைந்த பலகையில் ஏறி நின்றாலும் வழுக்காது.

மாமா: முதலில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், கடைசியில் மணலைக் கொட்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். நல்ல படிப்பு படித்திருக்கிறீர்கள். சரி, இன்றே தொடங்கலாமா?

மாப்பிள்ளை: முடியாது. மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியதுபோல ஆகிவிடும்.

மாமா: வெயிலில் போட்டுக் காய வைக்கிறேன்.

மாப்பிள்ளை: சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விழும். பூசும்போதும் வெயில் கூடாது, கொப்புளம் வரும். நிழல், காற்றோட்டம், பனி படாத இடம். இந்தக் கூடமே அருமையான இடம் மாமா. சில வாரம் இப்படியே கிடக்கட்டும்.

மாமா: உங்கள் அத்தையிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லித்தான் கூடத்தை வாங்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளை: எடுத்துச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

மாமா: நான் சொன்னால் பலகையோடு என்னையும் வெளியே போடுவாள். மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு கிடையாது. அடுக்களையில்தான் இருக்கிறாள், போங்கள். எபாக்சியிலிருந்து ஆரம்பியுங்கள்.

மாப்பிள்ளை: மாமா... யோசித்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்தப் பிரஷை இப்படிக் கொடுங்கள்.