கொத்தாம பூசுன சீலிங்

நேத்து நைட் ஹால்ல தடார்னு சத்தம், ஓடி வந்து பாத்தா அம்மா எப்பவும் உக்காந்து டிவி பாக்குற சேர் மேல சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடக்கு, வீடு கட்டி 3 வருஷம் கூட ஆகல. அம்மா அப்ப கிச்சன்ல இருந்தாங்க, இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. விழுந்த துண்டைத் திருப்பிப் பாத்தேன், பின்பக்கம் வழவழன்னு இருக்கு, காங்கிரீட் ஊத்தும்போது அடியில தாங்குற சென்ட்ரிங் ஷீட்ல தடவுன ஆயில் கறை கூட அப்படியே ஒட்டியிருக்கு. பூசுறதுக்கு முன்னாடி காங்கிரீட்டை சொரசொரப்பா கொத்தியே விடல! கொத்தாம பூசுனா சாந்து எப்படிங்க பிடிக்கும்? கனம் வேற ஒரு இன்ச்சுக்கு மேல, சீலிங்குக்கு 6 மி.மீ. போதும், ஸ்லாப் மேடுபள்ளத்தை மறைக்க அப்பி வெச்சிருக்காங்க. மேஸ்திரிகிட்ட கேட்டா "ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிருங்க சார்"ங்கறார். ஏங்க, மேல இருந்து உதிர்றது அந்த போர்டு மேலதானே விழும்? மிச்ச இடத்தைக் கம்பால தட்டிப் பாத்தேன், பாதி சீலிங் உள்ள காலியா டொப் டொப்னு கேக்குது, மொத்தத்தையும் உடைச்சு எடுத்துட்டு புதுசா பூசணும். அதுவரைக்கும் அம்மாவை ஹால் பக்கமே வர விடல.