டொக்டர் கிளாசுக்கு போறது பெயிலானதால இல்ல

ஹட்டன், நோர்வூட் பக்கம் வாட்ஸப் குரூப்புகள்ல ஒரு வொய்ஸ் சுத்துது. வெளிநாட்டுல லைசன்ஸ் புதுப்பிக்கிற பரீட்சையில பெயிலான டொக்டர்மார்தான் திரும்ப கிளாசுக்கு போறாங்களாம், அதனால செமினாருக்கு போற டொக்டர்ட்ட மருந்து எடுக்காதீங்கனு சொல்லுது.

சுத்தப் பொய்ங்க. அந்த கிளாஸ், செமினாருக்கு தொடர் மருத்துவக் கல்வினு பேரு, டொக்டர்மார் பட்டம் வாங்கின பிறகும் புதுசா வர்றத படிக்கிறது, அது தண்டனையே இல்ல, கலிபோர்னியாவுல எவ்ளோ கெட்டிக்கார டொக்டரா இருந்தாலும் 2 வருஷத்துக்கு 50 மணித்தியாலம் படிச்சிருக்கணும், இந்தியாவுல 2002 விதிப்படி 5 வருஷத்துக்கு 30. இங்கிலாந்துல 5 வருஷத்துக்கு ஒருக்கா லைசன்ஸ உறுதிப்படுத்துறாங்க, அதுக்கும் வழமையா எழுத்துப் பரீட்சை கிடையாது, வருஷா வருஷம் ஒரு மதிப்பீடு நடக்கும், புதுசா என்ன படிச்சீங்கனு அதுல கேப்பாங்க.

ஏன் படிக்கணும்? அல்சர எடுங்க. டென்ஷன், அமிலம்னுதான் ஒரு காலத்துல டொக்டர்மாரே படிச்சாங்க (நம்ம வீட்டுல இன்னும் வெறும் வயித்து பிளேன்டீயத்தான் திட்டுறோம்), 1982ல அவுஸ்திரேலியாவுல மார்ஷல், வொரன்னு ரெண்டு டொக்டர்மார் ஹெலிகோபாக்டர் பைலோரிங்குற கிருமிய கண்டுபுடிச்ச பிறகுதான் நிறைய அல்சர் அன்டிபயோட்டிக்ல ஆறும்னு தெரிஞ்சுச்சு, அதுக்கு முந்தி பட்டம் வாங்கினவரு திரும்ப படிக்காட்டி பழைய மருந்தத்தானே எழுதிட்டு இருப்பாரு?

தயவுசெஞ்சு அந்த வொய்ஸ போர்வர்ட் பண்ணாதீங்க, சீனி, பிரஷருக்கு மருந்து எடுக்குற பெரியவங்க அத கேட்டு பயந்து கிளினிக் போறதையே நிப்பாட்டிருவாங்க.