27 ஃப்ரீ த்ரோவும் மைக் பிபியின் மூக்கும்

கடைசிக் கால்பகுதியில் 27 ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்ததற்காகத் தடுக்க ஆளில்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் போதும், எந்த ஆட்டம் என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். 2002 மே 31, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டர், மேற்கு கான்ஃபரன்ஸ் (மேற்குப் பிரிவு) இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஏழில் நான்கை ஜெயிப்பவர் ஃபைனலுக்குப் போவார். லேக்கர்ஸ் 106, சாக்ரமெண்டோ கிங்ஸ் 102. கால்பந்து உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் செனகல் பிரான்ஸை மண்ணைக் கவ்வ வைத்ததும் அதே தேதியில்தான். அதனால் நம்மில் பலருக்கு இப்படி ஒரு ஆட்டம் நடந்ததே பின்னால்தான் தெரியவந்தது.

சாக்ரமெண்டோ ரசிகர்களைக் கேட்டால் இன்றைக்கும் "எங்க கோப்பையைத் திருடிட்டாங்க" என்பார்கள். லேக்கர்ஸ் ரசிகர்களைக் கேட்டால் "தோத்தவன் புலம்பல்" என்பார்கள். இரண்டு கட்சியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிறிஸ் வெபர் ரசிகன். அவர் இருந்ததால் அந்த கிங்ஸ் அணி பிடிக்கும். ஆனால் அந்த ஆட்டம் ஃபிக்ஸ் செய்யப்பட்டது என்று நான் நம்பவில்லை. அதைவிட, 'ஃபிக்ஸிங்' என்ற பேச்சு வந்ததால்தான் லீக் எந்தப் பதிலும் சொல்லாமல் தப்பித்தது என்பது என் எண்ணம்.

ஆட்டத்துக்கு வருவோம். அந்த வருஷம் லீக்கிலேயே அதிக வெற்றி கிங்ஸுக்குத்தான், 61. லேக்கர்ஸ் 58. ஆனால் லேக்கர்ஸ் தொடர்ந்து இரண்டு வருஷ சாம்பியன். 2000-லும் 2001-லும் பிளே ஆஃபில் கிங்ஸை வீட்டுக்கு அனுப்பியதும் அவர்களே. லேக்கர்ஸ் கோச் ஃபில் ஜாக்சன் சாக்ரமெண்டோவை அரை நாகரிக ஊர் என்று கிண்டலடிக்க, அந்த ஊர்க்காரர்கள் மாட்டு மணியை எடுத்துவந்து லேக்கர்ஸ் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டினார்கள். அப்படி ஒரு பகை. இந்த முறை கிங்ஸ் 3-2 என்று முன்னிலை. இன்னும் ஒன்றை ஜெயித்தால் ஃபைனல். அங்கே வரவிருந்த நியூ ஜெர்ஸி நெட்ஸ் இவர்களுக்கு ஈடில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கால்பகுதி முடிந்தபோது 75-75. பிறகுதான் விசில் கச்சேரி. முதல் ஐந்து ஆட்டங்களில் லேக்கர்ஸ் எடுத்த ஃப்ரீ த்ரோ ஆட்டத்துக்குச் சராசரியாக 22. இங்கே பன்னிரண்டே நிமிஷத்தில் 27. அதே நேரத்தில் கிங்ஸுக்குக் கிடைத்தது 9. லேக்கர்ஸின் கடைசி 18 புள்ளிகளில் 16 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. லேக்கர்ஸின் ஷாக்கில் ஓ'நீலைத் தடுக்க கிங்ஸிடம் இருந்த பெரிய உடம்புகள் இரண்டு: விளாடே டிவாச், ஸ்காட் போலார்ட். இரண்டு பேரும் ஆறு ஃபவுல் ஆகி, விதிப்படி ஆட்டத்தை விட்டே வெளியே. போலார்டின் ஆறாவது ஃபவுலை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஷாக்கை அவர் தொட்ட மாதிரியே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஷாக்கை மேய்க்கும் வேலை லாரன்ஸ் ஃபண்டர்பர்க் தலையில் விழுந்தது. பாவம் மனிதர், என்னதான் செய்வார்?

டிவாச் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெரிய நடிகர். காற்று பட்டாலே கீழே விழுவார். அவர் விழுவதைப் பார்த்துப் பார்த்து நடுவர்களுக்கு அலுத்துப்போயிருந்தால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அப்புறம் அந்த மூக்கு. ஆட்டம் முடியச் சில நொடிகள், கிங்ஸ் ஒரே புள்ளி பின்னால். லேக்கர்ஸ் பந்தை வெளிக்கோட்டிலிருந்து ஆடுகளத்துக்குள் போட வேண்டும். லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் பந்தை வாங்க ஓடுகிறார், கிங்ஸின் மைக் பிபி ஒட்டிக்கொண்டு வருகிறார். கோபியின் முழங்கை நேராக பிபியின் முகத்தில். பிபி தரையில், மூக்கில் ரத்தம். கோபி மேல் விசில் இல்லை. மாறாக, அடுத்த நொடி கோபிதான் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறார். அந்த முழங்கைக்கு விசில் அடித்திருந்தால் பந்து கிங்ஸ் கையில், தேவை ஒரு கூடை. தொடரே அங்கே முடிந்திருக்கலாம். நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடர், 2000-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற அதே மனிதர், இந்த ஆட்டத்தை விசாரிக்கச் சொல்லி லீக்கின் தலைவரான கமிஷனர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதமே எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, 2008 ஜூனில் டிம் டோனகி வந்தார். என்பிஏ நடுவராக இருந்துகொண்டே சூதாட்டக்காரர்களுக்குத் தகவல் கொடுத்து மாட்டிக்கொண்ட ஆள். தண்டனைக்குக் காத்திருந்த நேரத்தில் அவருடைய வக்கீல் கோர்ட்டில் ஒரு கடிதம் கொடுத்தார். 2002-ல் ஒரு தொடரை ஏழாவது ஆட்டம் வரை இழுப்பதற்காக இரண்டு நடுவர்கள் ஆறாவது ஆட்டத்தை வளைத்தார்கள் என்று அதில் இருந்தது. அணிகளின் பெயர் இல்லை. ஆனால் அந்த வருஷ பிளே ஆஃபில் ஏழு ஆட்டம் போன தொடர் இது ஒன்றுதான். உடனே "அப்பவே சொன்னோமே!" என்று கிங்ஸ் ரசிகர்கள் துள்ளினார்கள்.

ஸ்டெர்னுக்கு இதைவிட வசதியான குற்றச்சாட்டு கிடைத்திருக்காது. சொல்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆசாமி. அந்த ஆட்டத்துக்கு அவர் நடுவரும் இல்லை. கையில் ஆதாரமும் இல்லை. ஒரு குற்றவாளி தன் தண்டனையைக் குறைக்கச் சொல்கிற கதை என்று லீக் ஒதுக்கித் தள்ளியது. அது நியாயமான பதிலும்கூட. ஆனால் அதோடு சேர்த்து, அந்த விசில்களில் எத்தனை தப்பு என்ற கேள்வியையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். சதி நடந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். விசில் சரியா என்று கேட்டால் ஒவ்வொரு ஃபவுலாக வீடியோ போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஃபிக்ஸிங்கை நான் ஏன் நம்பவில்லை? அன்றைய மூன்று நடுவர்கள் டிக் பவெட்டா, டெட் பெர்ன்ஹார்ட், பாப் டெலேனி. டெலேனி நியூ ஜெர்ஸி மாநிலப் போலீஸில் இருந்தவர். எழுபதுகளில் மாஃபியா கும்பலுக்குள் வேறு பெயரில் நுழைந்து, வருஷக்கணக்கில் அவர்களோடு பழகி, பிறகு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதர். அப்படிப்பட்டவர் டிவி கம்பெனிக்கு இன்னொரு ஆட்டம் வேண்டும் என்பதற்காக விசிலை விற்றார் என்றால் எனக்கு ஏறவில்லை.

எனக்குத் தோன்றுவது சாதாரண விஷயம். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் வெபர் மேல் பட்டு வெளியே போன பந்தை நடுவர்கள் கிங்ஸுக்கே கொடுத்தார்கள். அதில்தான் பிபி கூடை போட்டு 92-91 என்று ஜெயித்தார்கள். லேக்கர்ஸ் ரசிகர்கள் இதைச் சொல்லும்போது கிங்ஸ் ரசிகர்களுக்குக் காது கேட்காது. அடுத்த ஆட்டம் லேக்கர்ஸ் ஊரில். ஷாக் மாதிரி ஒரு உடம்பு கூடைக்குக் கீழே திரும்பினால் ஒவ்வொரு மோதலும் ஃபவுல்தான், அல்லது எதுவுமே ஃபவுல் இல்லை. நடுவர் ஒரு கோட்டைப் போட்டாக வேண்டும். முந்தைய ஆட்டத்தின் தப்பு மனதில் உறுத்த, அரங்கமே காதில் கத்த, கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆடியவர்களுக்குத் தெரியும், அப்படிச் சாய்ந்தால் அந்த ஆட்டத்துக்குள் நிமிர்வது கஷ்டம். பணம் கைமாறாமலேயே ஒரு ஆட்டம் கெட்டுப்போக இது போதும்.

ஷாக்குக்கும் ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். ஃப்ரீ த்ரோ என்றாலே தடுமாறுகிற மனிதர் அன்று 17-க்கு 13 போட்டார். மொத்தம் 41 புள்ளி.

இதே தொடரில் இன்னொரு தப்பு நடந்தது, அதற்கு மருந்தும் கிடைத்தது. நான்காவது ஆட்டத்தில் முதல் பாதி முடியும்போது லேக்கர்ஸின் சமாகி வாக்கர் தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளி ஷாட், மணி அடித்த பிறகுதான் அவர் கையை விட்டுக் கிளம்பியது. வீடியோ பார்க்க அப்போது விதி இல்லை. கூடை செல்லும் என்றார்கள். ராபர்ட் ஹாரி கடைசி நொடியில் போட்ட அந்தப் புகழ்பெற்ற ஷாட்டில் லேக்கர்ஸ் ஜெயித்தது ஒரே புள்ளியில், 100-99. அடுத்த சீசனிலேயே ரீப்ளே வந்துவிட்டது. கடிகாரத் தப்பை ஒத்துக்கொள்ள யாருக்கும் வெட்கமில்லை பாருங்கள். ஃபவுல் விஷயத்தில்தான் வாயே திறக்கவில்லை.

சரி, கிங்ஸ் பக்கத்துக்கும் கொஞ்சம் கசப்பு மருந்து. ஏழாவது ஆட்டம் ஜூன் 2, சாக்ரமெண்டோவில், மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவில். கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோவில் 16 போட்டார்கள். மூன்று புள்ளி முயற்சி 20, விழுந்தது 2. கணுக்கால் காயத்திலிருந்து திரும்பியிருந்த பேஜா ஸ்டோயகோவிச், ஆளே இல்லாமல் மூலையில் நின்று போட்டது வளையத்தைக்கூடத் தொடவில்லை. ஓவர்டைமில் 112-106 என்று தோற்றார்கள். அந்த 14 தவறிய ஃப்ரீ த்ரோவுக்கு எந்த நடுவரைத் திட்டுவது? ஆனால் ஆறாவது ஆட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் ஏழாவதே தேவைப்பட்டிருக்காது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு கிங்ஸ் கான்ஃபரன்ஸ் இறுதிப் பக்கமே வரவில்லை. 2006-க்குப் பிறகு தொடர்ந்து 16 சீசன் பிளே ஆஃபுக்கே போகவில்லை. 2013-ல் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே அணியை வாங்கினார். 2019-ல் அதே மும்பையில் இந்தியாவின் முதல் என்பிஏ ஆட்டங்களில் கிங்ஸ் ஆடியது. அப்படி இந்த அணிக்கு ரசிகர்களான நம்மூர்ப் பையன்கள் சிலர் "ஏன் அண்ணா இவங்க எப்பவும் ரெஃப்ரீயைத் திட்டுறாங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளம்.

2015-லிருந்து என்பிஏ ஒரு வேலை செய்கிறது. நெருக்கமாக முடிகிற ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிஷத்தை எடுத்து, எந்த விசில் சரி, எந்த விசில் தப்பு, எங்கே அடிக்காமல் விட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி மறுநாள் வெளியிடுகிறார்கள். 2002 மே 31-க்கும் அப்படி ஒன்றை இப்போது போடலாம். வீடியோ அவர்களிடமே இருக்கிறது. நடுவர்கள் மூவரும் ஓய்வு பெற்றாயிற்று, யார் வேலையும் போகப்போவதில்லை. கடைசிக் கால்பகுதி முழுவதும் வேண்டும், இரண்டு நிமிஷம் போதாது. அதில் முழங்கைக்கு எதிரே "தப்பு" என்று எழுதியிருந்தால், சதிக் கதையைக் கைவிட்டுவிடுங்கள் என்று கிங்ஸ் ரசிகர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன்.